கொடுப்புப் பல்லுக்குக் கீழே

17.1.84, செவ்வாய்

காலை வேலை. வாடைக்காற்று விடுகிறதாயில்லை. யாழ்ப்பாண லைனில் ஒரே இரைச்சல். சங்கக்கடை மனேச்சருக்கு மூன்று தரம் எடுத்துக் கொடுத்தேன், மூன்று தரமும் அறுந்தது. “உம்மடை சத்தம் மாத்திரம்தான் பிள்ளை துப்பரவாய்க் கேக்குது,” என்றார். ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோரின் பின்னறையில், இந்த ரெலிபோன் எக்சேஞ்சில் உட்கார்ந்து வருகிற வைகாசியோடு ஏழு வருடம். தீவில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியாது. சத்தம் தெரியும்.

மத்தியானம் பாண் கடிக்கும்போது வலப்பக்கக் கடைவாயில் கொடுப்புப் பல் ஒன்று ஆடியது. நாக்கால் தள்ளினால் சாய்ந்து கொடுக்கிறது. முப்பது வயதில் பல் ஆடுமா?

பின்னேரம் வீட்டில் லியோன் அண்ணையின் மனைவி றோசம்மா லாம்புச் சிமினியைத் துடைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மச்சாள், உங்கடை முகம் ஒரு பக்கம் பாரமாய்க் கிடக்கு.”

எனக்குத் தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும். நோவில்லை, அதனால் விட்டுவிட்டேன். கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது இடப்பக்கத்தைத்தான் திருப்புகிறேன். எப்போதிருந்து இந்தப் பழக்கம்?

28.1.84, சனி

யாழ்ப்பாணம் போய்ப் பல் டொக்டர் அரியநாயகத்திடம் காட்டினேன். ஆடுகிற பல்லைப் பிடுங்குவார், நாலு மணி பஸ்ஸுக்குத் திரும்பலாம் என்று நினைத்துத்தான் போனேன். அவர் பல்லுக் குறட்டைத் தொடவே இல்லை. தாடையை உள்ளேயும் வெளியேயும் இரண்டு விரலால் பிடித்து மெல்ல அமத்தினார். பிறகு, “உம்மடை விரலைத் தாரும்,” என்று என் விரலையே அந்த இடத்தில் வைத்தார்.

எலும்பு உள்ளே போய், திரும்பி வெளியே வந்தது. முட்டைக்கோது வெடிக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். காதால் கேட்டேனா, விரலால் கேட்டேனா என்று தெரியவில்லை. என் எலும்பு அது. இரண்டு வருடமாக இதை வைத்துத்தான் கச்சான் கடலை கொறித்திருக்கிறேன்.

எக்ஸ்றே எடுத்தார்கள். ஈரம் காயாத படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் சவர்க்கார நுரை. ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கறுப்புக் குமிழிகள், பெரியதும் சின்னதும். அதற்கு மேலே நின்ற பற்களின் வேர்கள் கத்தியால் சீவியதுபோல் பாதியில் முடிந்திருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், தாடையின் கீழ் விளிம்போடு, ஒரு முழுப் பல் படுத்துக் கிடந்தது.

“உது ஞானப்பல்லு. முளைக்க வந்ததைக் குமிழி கீழை தள்ளிப் போட்டுது,” என்றார்.

பஸ்ஸில் பண்ணைப் பாலம் கடக்கும்போது கடலைப் பார்க்கவில்லை. நாக்கை அந்த இடத்தில் வைத்துக்கொண்டே வந்தேன். ஒரு முழுப் பல், ஒருவரும் காணாமல், என்னோடு படுத்து எழும்பியிருக்கிறது.

11.2.84, சனி

விறைப்பு ஊசி போட்டு ஒரு துண்டு வெட்டி எடுத்தார். பேராதனைக்கு அனுப்பிக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்ப்பார்களாம். என்னவென்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். “நினைக்கிறதைச் சொல்லமாட்டன். கண்டதைத்தான் சொல்லுவன்.”

19.2.84, ஞாயிறு

பூசையில் முழந்தாளிட்டபடி புற்றுநோய் என்ற சொல்லை மனதுக்குள் ஒரு தரம் முழுவதாகச் சொல்லிப் பார்த்தேன். சொல்லவும் முடிந்தது, எழும்பவும் முடிந்தது.

1.3.84, வியாழன்

பத்தரைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கோல். வழக்கம்போல் எடுத்து, “ஊர்காவற்றுறை,” என்றேன். “மேரிஜோசப்பினோடை ஒருக்காக் கதைக்கலாமோ?”

“கதைக்கிறன் டொக்டர்.”

“புற்றுநோய் இல்லைப் பிள்ளை. முதல் அதைக் கேளும். மிச்சத்தைச் சனிக்கிழமை வந்து கேளும்.”

சுவிச்போட்டில் நாலு விளக்கு ஒன்றாக எரிந்தது. நாலையும் எடுத்துக் கொடுத்தேன். யாருக்கு எந்த நம்பர் கொடுத்தேன் என்று இப்போது சத்தியமாக ஞாபகமில்லை.

3.3.84, சனி

அவர் சொன்னதை விடாமல் எழுதி வைக்கவேண்டும். கட்டியின் பெயர் அமெலோபிளாஸ்டோமா. மூன்று தரம் சொல்லச் சொல்லி எழுதினேன்.

பல்லின் மேல் மினுங்குகிற வெள்ளைப் பூச்சை – எனாமலை – செய்வதற்கென்றே ஒரு வகைக் கலங்கள், செல்கள், உண்டாம். நாம் பிறக்கும் முன்பே, தாயின் வயிற்றுக்குள்ளேயே அவை வேலை தொடங்கிவிடும். உடம்பில் அதைவிடக் கடுமையான பொருள் வேறில்லையாம். பல் முளைத்தவுடன் அந்தக் கலங்களின் வேலை சரி. ஆனால் அந்த வேலைக் கூட்டத்தில் சில, போகாமல் எலும்புக்குள் தங்கிப்போகும்.

“எல்லாருக்கும் இருக்குது. எனக்கும் இருக்குது. சாகுமட்டும் சும்மா கிடக்கும். உமக்கு அது திரும்பி எழும்பியிருக்கு.”

“ஏன் எழும்பினது?”

“தெரியாது. உலகத்திலை ஒருதருக்கும் இன்னும் தெரியாது.”

அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்துவிட்டது. தெரியாது என்பதைத் தொப்பி கழற்றிவிட்டுச் சொன்னதுபோல் சொன்னார்.

இது வேறு இடத்துக்குப் பரவிக் கொல்லாது. ஆனால் இருக்கிற இடத்தைத் தின்றுகொண்டே போகும். விட்டால் தாடை ஒருநாள் சும்மா கொட்டாவி விடும்போதே முறியும். வழி இரண்டு. ஒன்று, வாய்க்குள்ளால் திறந்து கட்டியைச் சுரண்டி எடுப்பது. யாழ்ப்பாணத்திலேயே செய்யலாம், முகம் முகமாகவே இருக்கும். ஆனால் என்னுடையது குமிழி குமிழியாகப் போன வகை. கண்ணுக்குத் தெரியாமல் எலும்பின் துவாரங்களுக்குள் வேர் விட்டிருக்கும். சுரண்டினவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு, ஏழு பேருக்குத் திரும்பி வருகிறதாம். மற்ற வழி, கட்டியைச் சுற்றி நல்ல எலும்பையும் ஒரு விரல் அகலத்துக்குச் சேர்த்து, தாடையின் அந்தத் துண்டையே வெட்டி எடுத்துவிட்டு, இடுப்பெலும்பில் ஒரு துண்டு எடுத்து அங்கே வைப்பது. அதற்குக் கண்டிப் பக்கம், பேராதனைப் பல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

“உம்மடை தாடை, உம்மடை முடிவு. ஆனால் என்ரை தங்கச்சி எண்டால் பேராதனைக்கு அனுப்புவன்.”

4.3.84, ஞாயிறு

வீட்டில் சொன்னேன். என் தகப்பன், அப்பு, வலையைக் கீழே வைத்தார். வள்ளமும் வலையும் வைத்திருக்கிற யாகப்புச் சம்மாட்டி என்று நாரந்தனைக் கரையில் சத்தத்துக்குப் பெயர்போன மனிசன். இன்று மெல்லத்தான் கேட்டார்.

“கண்டிக்கோ? போன ஆடியிலை நடந்ததுக்குப் பிறகும் கண்டிக்கோ?” பிறகு, “சுரண்டட்டும் பிள்ளை. திரும்பி வந்தால் திரும்பிச் சுரண்டட்டும். நீ எங்களோடை இரு.”

ஒருவரும் கிணற்றடியில் நின்ற மாக்கிறேற் அக்காவைப் பார்க்கவில்லை. அக்கா கண்டியில் ஒரு கொம்பனியில் ஒன்பது வருடம் ரைப்பிஸ்டாக இருந்தவ. ஆடிக் கலவரத்தில் உடுத்த சேலையோடு அகதிக் கப்பலில் வந்து இறங்கினவ. அங்கே என்ன கண்டா என்று ஒரு வார்த்தை இன்றுவரை சொன்னதில்லை. இப்போது அவ உள்ளே வந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னா, “எனக்குச் சிங்களம் தெரியும். நான் கூட்டிக்கொண்டு போறன்.”

அப்பு எழும்பிக் கரைக்குப் போய்விட்டார்.

19.3.84, திங்கள்

சூசையப்பர் திருநாள், ஜோசப்பின் என்ற என் பெயர்த் திருநாளும். காலைப் பூசை முடிந்து வேலைக்கு வந்து நானே பேராதனைக்கு ஒரு ட்றங்க் கோல் போட்டேன். யாழ்ப்பாணம் எடுத்து, கண்டி எடுத்து.

கண்டி எக்சேஞ்சில் இருக்கிற அந்த மனிசியைக் குரலால்தான் தெரியும். ஆறு வருடம். பெயர் தெரியாது. அவ எனக்குக் கண்டி, நான் அவவுக்குக் கைட்ஸ், ஊர்காவற்றுறைக்கு இங்கிலிஸில் அதுதான் பெயர். எங்கள் பாஷை அரைகுறை ஆங்கிலமும் நம்பர்களும். போன ஆடி முடிந்து லைன் திரும்ப வந்த அன்று முதல் கேள்வியே, “கைட்ஸ், ஓல்றைட்?” என்பதுதான்.

“ஆருக்கு டென்ரல் ஹொஸ்பிற்றல்?” என்று இன்று கேட்டா.

“எனக்கு.”

“ஹோல்ட் பண்ணும் கைட்ஸ். நான் பெரிய டொக்டரையே எடுக்கிறன்.” அவ எடுத்தா. மே மூன்றாம் திகதி ஒப்பறேஷன் என்று நாள் தந்தார்கள்.

24.4.84, செவ்வாய்

ஊரடங்கு எடுபட்டு ரயில் ஓடத் தொடங்கியதும் வெளிக்கிட்டோம். உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு. பொல்காவலையில் மாறி ஏறியதும் அக்கா நெற்றியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தா. வேர்க்கவில்லை. மலையைக் கண்டதும் அவவுடைய கை என் கைக்குள் வந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரையும் எடுக்கவில்லை.

2.5.84, புதன்

வார்ட்டில் எட்டுப் பேர். எல்லோருக்கும் முகத்தில்தான் ஏதோ ஒன்று. மூலைக் கட்டிலில் இராசமணி என்ற தோட்டத்து அம்மா. அவவுக்கும் என்னுடைய கட்டிதான். பதினொரு வருடம் சால்வையால் மூடிக்கொண்டு கொழுந்து பறித்திருக்கிறா. இப்போது ஒரு குரும்பை அளவல்ல, இளநீர் அளவு. “வலிக்கலீங்களே அம்மா, அதான் விட்டுட்டேன்,” என்றா. என் வாயிலிருந்து வந்திருக்கவேண்டிய வசனம்.

பெரிய டொக்டர் சிங்களவர். மெலிந்த மனிதர், ஆங்கிலத்தை எனக்காக ஆறுதலாகப் பேசினார். என் பற்களை அச்சில் வார்த்த சாந்துப் பொம்மை ஒன்றைக் கையில் தந்து, பென்சிலால் இரண்டு கோடு இழுத்தார். இங்கிருந்து இங்குவரை.

வைக்கிற எலும்பு அப்படியே இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையாம். அது ஒரு சாரம் மாதிரிதானாம், வீடு கட்டக் கட்டுகிற சாரம். தாடையின் இரண்டு பக்கமிருந்தும் இரத்தக் குழாய்களும் கலங்களும் அதற்குள் ஊர்ந்து போகும். வைத்ததை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, தின்ற இடத்திலெல்லாம் புது எலும்பைப் போடும். ஒன்றிரண்டு வருடத்தில் அங்கே இருப்பது இடுப்பெலும்பும் அல்ல, பழைய தாடையும் அல்ல.

“நாங்கள் தைக்கிறது மட்டும்தான். கட்டுறது நீர்தான்,” என்றார்.

கீழ்ச்சொண்டுக்கு, அதாவது கீழுதட்டுக்குப் போகிற நரம்பு வெட்டுப்படும், அந்தப் பக்கம் விறைத்தே இருக்கும் என்றும் சொன்னார். ப, ம சொல்ல வருமா என்று கேட்டேன். என் வேலை என்னவென்று கேட்டார். சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்தார். “வரும். பழகவேண்டும்.”

பயமாக இருக்கிறது. ஆனால் பயத்தைவிடப் பெரியதாக இன்னொன்றும் இருக்கிறது, அதற்குப் பெயர் தெரியவில்லை. யார் இந்த எலும்புக்குச் சொல்லிக் கொடுத்தது?

8.5.84, செவ்வாய்

எழுத்து கோணுகிறது. படுத்தபடி.

இருக்கிறேன்.

11.5.84, வெள்ளி

மேற்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். ஆறு கிழமைக்கு வாய் திறக்க ஏலாது. எலும்பு பிடிக்கும்வரை அசையக்கூடாது. கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவால் சிறிஞ்சில் கஞ்சித்தண்ணீர், பால், பருப்புத் தண்ணீர். தாடையைவிட இடுப்புத்தான் நோகிறது, எடுத்த இடம். கட்டில் தலைமாட்டில் நூலில் ஒரு கம்பி வெட்டுகிற குறடு தொங்குகிறது. சத்தி, வாந்தி வந்தால் உடனே இரண்டு பக்கமும் கம்பியை வெட்டவேண்டும், இல்லாவிட்டால் மூச்சடைக்கும். வெட்டுகிற விதத்தை நேர்ஸ் மூன்று தரம் அக்காவுக்குச் செய்து காட்டினா.

வெட்டி எடுத்ததைப் பார்க்கவேண்டும் என்று எழுதிக் கேட்டேன். அக்கா வேண்டாம் என்றா. டொக்டர் கொண்டுவந்தார். கண்ணாடிப் போத்தலில் மருந்துத் தண்ணீருக்குள் ஒரு துண்டு. என் உள்ளங்கை நீளம்கூட இல்லை. அதன் மேல் என் பற்கள் நிரையாக நின்றன. நான் தினமும் துலக்கிய பற்கள். அடியில், வெட்டுமுகத்தில், அந்தப் படுத்த பல்லின் தலை வெள்ளையாகத் தெரிந்தது. ஒருநாளும் ஒரு சோற்றுப் பருக்கையைத் தொடாத பல். அப்படி ஒரு மினுக்கத்தை நான் கண்டதில்லை. இருட்டுக்குள், ஒருவருக்கும் பயனில்லாமல், இவ்வளவு திருத்தமாகச் செய்து வைத்திருந்தன அந்தக் கலங்கள்.

அழுகை வந்தது. மூக்கடைக்கும், அழக்கூடாது என்று நேர்ஸ் ஏசினா.

14.5.84, திங்கள்

பார்வையாளர் நேரம். நரைமயிரும் தடித்த கண்ணாடியுமாக ஒரு பெரிய மனிசி, கையில் செவ்விளநீர், கட்டில் கட்டிலாக நின்று கேட்டுக்கொண்டு வந்தா. “கைட்ஸ்? கைட்ஸ்?”

அந்தக் குரல். கையைத் தூக்கினேன்.

அவ வந்து நின்று என்னைப் பார்த்தா, நான் அவவைப் பார்த்தேன். ஆறு வருடம் பேசின இருவர், முகம் கண்ட அன்று எனக்குப் பேச ஏலாது. சொண்டை விலக்கிக் கம்பியைக் காட்டினேன். அவ குனிந்து பார்த்துவிட்டு, எங்கள் வேலைக் குரலிலேயே, “லைன் டெட்?” என்றா.

சிரித்தால் தையல் இழுக்கும். இழுத்தது.

மாக்கிறேற் அக்கா முதலில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றா. பிறகு அந்த அம்மா சிங்களத்தில் ஏதோ கேட்க, அக்கா ஒரு சொல்லில் பதில் சொன்னா. பிறகு இரண்டு சொல். மணி அடித்தபோது இருவரும் கட்டிலின் கால்மாட்டில் இருந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் முகம் நனைந்திருந்தது. என்ன பேசினார்கள் என்று இரவு எழுதிக் கேட்டேன். “போன ஆடியிலை நான் எந்த றோட்டாலை ஓடினனான் எண்டு கேட்டா. சொன்னனான்.”

28.5.84, திங்கள், வீடு

நேற்று வந்து சேர்ந்தோம். கட்டில் வேறு ஆளுக்கு வேண்டியிருந்தது, கம்பியோடு விட்டார்கள். கம்பியை அரியநாயகம் டொக்டர் எடுப்பார்.

வவுனியா தாண்டி ஓரிடத்தில் இராணுவம் ரயிலை மறித்து எல்லோரையும் இறக்கியது. ஆணுக்கு ஒரு வரிசை, பெண்ணுக்கு ஒரு வரிசை. கூட்டத்தில் அக்கா பின்னுக்குப் போய்விட்டா. பைகளைத் திறக்கச் சொன்னார்கள். என் பையில் எல்லாவற்றுக்கும் மேலே, துணியில் சுற்றி, அந்தக் குறடு.

ஆமிக்காரனுக்கு இருபது வயது இராது. துணியை விரித்துக் குறட்டைத் தூக்கிப் பிடித்தான். ஏதோ கேட்டான். நான் பேசவில்லை. திரும்பக் கேட்டான், சத்தமாக. கம்பி வெட்டுகிற குறடு வைத்திருக்கிற தமிழ்ப் பெட்டை, வாயைத் திறக்கிறாளில்லை. இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். எனக்கு மூக்கு அடைக்கத் தொடங்கியது. இப்ப சத்தி வந்தால் – குறடு அவன்ரை கையிலை. கடவுளே, குறடு அவன்ரை கையிலை.

சொண்டை விரலால் இழுத்துக் காட்டினேன்.

அவன் குனிந்தான். கம்பிகளைப் பார்த்தான், கழுத்தில் இருந்த தையலைப் பார்த்தான். தன்னுடைய வாயைத் தானே அறியாமல் கொஞ்சம் திறந்துகொண்டு நின்றான். அதற்குள் அக்கா ஆஸ்பத்திரி தந்த சிங்களக் கடிதத்தோடு ஓடி வந்தா. வாசித்தான், இரண்டு தரம். அக்காவிடம் ஏதோ கேட்டான், அக்கா என் வாயில் வெட்டவேண்டிய இடங்களைத் தொட்டுக் காட்டினா. அவன் குறட்டைத் துணியால் துடைத்து, பைக்குள் வைக்காமல் அக்காவின் கையில் கொடுத்தான்.

“பைக்குள்ளை வேண்டாமாம். போய்ச் சேருமட்டும் கையிலை வைச்சிருக்கட்டாம்,” என்றா அக்கா, ஏறின பிறகு.

அதே ஆள் அடுத்த பெட்டியிலிருந்து ஒருவரைத் தலைமயிரில் பிடித்து இறக்கியதையும் யன்னலால் பார்த்தேன். இரண்டையும் எழுதி வைக்கிறேன். எதை எதோடு கூட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

23.6.84, சனி

கம்பி எடுத்தாயிற்று. ஏழு கிழமை. ஒவ்வொரு கம்பியும் பல்லிடுக்கால் உருவி வரும்போது வயலின் நரம்பு மாதிரி ஒரு சத்தம். எடுத்த பிறகும் வாய் திறக்கவில்லை. தாடை மறந்துபோய்விட்டது. ஒரு விரல் நுழைகிற அளவுதான். ஐஸ்கிறீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவில் வைத்து, இன்றைய பத்துக் குச்சியிலிருந்து கிழமைக்கு ஒரு குச்சி கூட்டவேண்டுமாம்.

அப்பு வெளியே வாங்குப் பலகையில் இருந்தார். அவரைக் கூப்பிட்டேன். ப்பு வரவில்லை, காற்றுத்தான் வந்தது. அவர் எழும்பி நின்று, “ஓம் பிள்ளை,” என்றார். பஸ் நிலையம் வரையும் அதையே நான்கு தரம் சொன்னார். ஓம் பிள்ளை. ஓம் பிள்ளை.

2.7.84, திங்கள்

பதினொரு குச்சி. பப்படம், பம்பரம், மாம்பழம் – கண்ணாடிக்கு முன்னால் ஒரு மணி நேரம். சொண்டு எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் மூட முடிகிறது. றோசம்மாவும் கூட இருந்து சொல்லுகிறாள். அவளுக்கும் அலுக்கவில்லை.

16.7.84, திங்கள்

வேலைக்குப் போனேன். முதல் கோல் சங்கக்கடை. “ஆர், புதுப் பிள்ளையோ?”

“பழைய ஆள்தான் அண்ணை.”

“சத்தம் வேறை மாதிரிக் கிடக்கு.”

“ஓம். தாடையும் வேறை.”

5.3.85, செவ்வாய்

தேத்தண்ணீர் குடிக்கும்போது கீழ்ச்சொண்டின் ஓரத்தில் ஏதோ ஊர்ந்தது. எறும்பு என்று தட்டினேன். எறும்பு இல்லை. சூடு. தேத்தண்ணீரின் சூடு. பத்து மாதமாகச் செத்துக் கிடந்த இடத்தில் ஒரு நூல் அளவு.

கோப்பையை எடுத்து வைத்து எடுத்து வைத்து, தேத்தண்ணீர் ஆறிப்போகும்வரை அந்த இடத்தில் தொட்டுப் பார்த்தேன். அரியநாயகம் டொக்டரிடம் சொன்னேன். வெட்டின நரம்பு வராது, ஆனால் பக்கத்தில் இருக்கிற நரம்புகள் சில வேளை தாங்களாகவே கிளை விட்டு அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் என்றார். ஒருவரும் கேட்காமலே.

19.10.85, சனி

பல்லுக்கட்டு பூட்டினார்கள். நாலு பல். கட்டுக்குக் கீழே எலும்பு கல்லு மாதிரி இருக்கிறது என்று டொக்டர் தட்டிக் காட்டினார். எக்ஸ்றேக்களை எப்போதும் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார், பழசோடு புதிசை ஒப்பிட்டால்தான் திரும்பி வருவதைக் கண்டுபிடிக்கலாம். இரவு மரவள்ளிக்கிழங்கு அவித்து வலப்பக்கத்தால் சாப்பிட்டேன்.

24.8.90, வெள்ளி, யாழ்ப்பாணம்

தீவுக்குள் ஆமி வந்துவிட்டது. அப்பு, அண்ணை குடும்பம், அக்கா, நான் எல்லோரும் உயிரோடு வந்து சேர்ந்தோம். ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். எக்சேஞ்சைப் பூட்டித் திறப்பைக் கொண்டுவந்திருக்கிறேன், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல். கையில் வந்தது ஒரு சேலை, செபமாலை, எக்ஸ்றே உறை.

10.5.94, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் ஜெனரேற்றர் ஓடுகிற நேரம் பார்த்துப் படம் எடுத்தார்கள். எக்ஸ்றே படத் தாள் தட்டுப்பாடு, பத்து வருடம் முடிந்ததால்தான் எனக்கு ஒன்று. அரியநாயகம் டொக்டருக்குத் தலை முழுவதும் நரைத்துவிட்டது. உறையிலிருந்த படங்களை வரிசையாக யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முதலாவதில் நுரை. இரண்டாவதில் வேறு நிறத்தில் ஒரு துண்டு, இரண்டு கரையிலும் கம்பித் தையல். மூன்றாவதில் கரை மங்கல். கடைசிப் படத்தில் கம்பி மட்டும் நிற்கிறது, எலும்பு அதைக் கவனியாமல் ஒரே ஓட்டமாக ஓடுகிறது.

“இந்தக் கம்பி இல்லாட்டி எனக்கே இடம் தெரியாது,” என்றார். பிறகு, “ஆனால் வருஷத்துக்கு ஒருக்கா வாரும். இருபது வருஷத்துக்குப் பிறகு திரும்பி வந்த ஆக்களும் இருக்கினம்.”

போக எழும்பினேன். “கொஞ்சம் இரும். ஒரு ஆளைக் காட்டவேணும்.”

வாங்கில் சேலைத் தலைப்பால் கன்னத்தை மூடிக்கொண்டு ஒரு பெண் இருந்தாள். நயினாதீவு, பெயர் நாகபூசணி. இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் ஒரு முகாமில் இருக்கிறாளாம், புருஷன் வெளியே நின்றார். இவளுக்கும் அதே கட்டி, இடப்பக்கம். செஞ்சிலுவைக் கப்பலில் கொழும்புக்கு அனுப்ப டொக்டர் ஆயத்தம், அவள்தான் மாட்டேன் என்கிறாள்.

“தாடையை எடுத்தால் முகம் விழுந்துபோகாதோ? பிள்ளையள் பயப்பிடுங்கள்,” என்றாள், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. “கதைக்க ஏலுமோ அதுக்குப் பிறகு?”

“நான் கதைக்கிறன்தானே,” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். நம்பவில்லை. டொக்டர் சொல்லிக் கொடுத்துக் கூட்டிவந்த ஆள் என்று நினைத்திருப்பாள்.

“தொட்டுப் பாரும்,” என்றேன்.

தயங்கிக் கையை நீட்டினாள். இரண்டு கையாலும், இரண்டு காதடியிலும் தொடங்கி, தாடை விளிம்போடு மெல்ல மெல்ல நாடி, மோவாய் வரையும் வந்தாள். திரும்பக் காதடிக்குப் போனாள். அமத்தினாள். பல்லைக் கடிக்கச் சொன்னாள், கடித்தேன். நாடிக்கு மேலே ஒரு காசளவு இடத்தைத் தவிர அவளுடைய விரல்கள் போன இடமெல்லாம் எனக்குத் தெரிந்தது. சொரசொரத்த விரல்கள், ஓலை இழைக்கிற கை. மூன்றாம் தரமும் வந்து நாடியில் நின்றாள்.

“எந்தப் பக்கம் அக்கா?”